கரையேறிய ஈரம்

2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பதினோராம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி கடந்து சில நிமிடங்களில், தலைமன்னார்க் கரையில் ஒரு ஈரம் கடலிலிருந்து ஏறி வந்தது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கக்கூடிய பாயின் அளவு இருந்தது. கடற்கரையில் ஈரத்துக்கு என்ன பஞ்சம் என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இது கடலின் ஈரம் அல்ல. அலை எட்டாத மேட்டில், சுற்றிலும் காய்ந்த மணல் வெளுத்துக் கிடக்க, நடுவே இது மட்டும் கறுத்துக் கிடந்தது. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கவில்லை. அப்படி வைத்துப் பார்த்தவர் ஜுனைதீன். அந்த மேட்டில் சூடைக் கருவாடு காயப்போடுவது அவருடைய தொழில். தன் பாய்களில் ஒன்று மட்டும் காயாமல் நொதநொதவென்று கிடப்பதைக் கண்டு, யாரோ வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, ஊரில் தனக்குப் பகையானவர்கள் யார் யார் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தார். பட்டியலில் ஒருவரும் சேராததால் பாயைத் தூக்கிப் பத்தடி கிழக்கே போட்டார். மறுநாள் ஈரம் அந்தப் பாய்க்கு அடியில் கிடந்தது. அதற்கு மறுநாள் பாயைத் தாண்டி ஒரு கூப்பிடு தூரம் போயிருந்தது, முதல் நாள் கறுத்திருந்த இடமெல்லாம் காய்ந்து பொருபொருத்துக் கிடந்தது. நடக்கிற ஈரத்தோடு மல்லுக்கட்ட முடியாது என்று ஜுனைதீன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஈரம் யாருடையது என்பதைக் கண்டுபிடித்தவள் ஜூலியட். அவள் கருவாடு வாங்க வந்தவள், ஈரத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைக் கண்டு தானும் குனிந்து மோந்து பார்த்தாள். முதலில் அரிசி கழுவிய தண்ணீரின் வாசம் வந்தது. அது போனதும் கீரை வாசம். அதற்கும் அடியில் மீன் கழுவிய வாசம், எல்லாவற்றுக்கும் கடைசியில் மெல்லியதாய் மஞ்சள். ஜூலியட் நிமிர்ந்து நின்று சிரித்தாள். தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில், பதினாறு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவளுக்கு இந்த வரிசை தெரியாமல் போகுமா? அரிசி, கீரை, மீன், மஞ்சள் என்ற இந்த ஒழுங்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவுகிறவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

றஞ்சிதம் 1990இல் பன்னிரண்டு வயதில் தாய் தகப்பனோடு வள்ளம் ஏறி அந்த முகாமுக்குப் போனவள். அங்கேயே பள்ளிமுனைக்கார மீனவன் டொமினிக்கைக் கலியாணம் கட்டி, இருபத்து மூன்று வருடம் கழித்து 2013இல்தான் திரும்பி வந்தாள். முகாமில் குழாய் ஒரு மணித்தியாலம்தான் ஓடும், ஒரு வீட்டுக்கு நாலு குடம். ஆகவே அரிசி கழுவிய தண்ணீரில் கீரையைக் கழுவி, அந்தத் தண்ணீரில் மீனைக் கழுவி, மஞ்சள் பூசிய கையையும் அதிலேயே அலம்பி, மிஞ்சியதை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் ஒரே இடத்தில் ஊற்றுவாள். மற்றவர்கள் வாய்க்காலில் ஊற்றினார்கள். வாய்க்காலில் போனால் யாருக்கும் இல்லாமல் போய்விடும் என்பது அவள் கணக்கு. ஊற்றும்போது, "குடி" என்று மண்ணுக்கு ஒரு சொல் சொல்வாள். காய்ந்த மண் 'ச்ச்ச்' என்று சத்தம் போட்டுக் குடிக்கும். அந்த இடத்தில் ஒரு புல் முளைத்ததில்லை. இருபத்து மூன்று வருடத் தண்ணீர் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதுமில்லை. வெயிலில் வற்றிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஜூலியட் அந்த இடத்திலேயே நின்று தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, உங்கட தண்ணி வந்திட்டுது."

"என்ன தண்ணி?"

"மண்டபத்தில ஊத்தினீங்களே, அந்தத் தண்ணிதான். கடலுக்கு அடியால வந்திருக்குது."

றஞ்சிதம் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு, "உப்புப் பட்டிருக்கோ?" என்று கேட்டாள்.

"ஒரு துளியும் இல்லை அக்கா."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் சோறு பொங்குவதைப் பார்க்கப் போனாள். ஆனால் அன்றைக்குச் சோறு குழைந்துபோனது, அவளுடைய நாற்பத்தாறு வருடத்தில் நடக்காத காரியம்.

சோறு குழைந்ததற்குக் காரணம் இருந்தது. திரும்பி வந்து எட்டு வருடம் பள்ளிமுனையில் டொமினிக்கின் தமையன் கிறிஸ்ரியின் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு அறையில் இருந்துவிட்டு, 2021இல் உயிலங்குளத்துக்கு அப்பால் அரை ஏக்கர் அரச காணி அவர்களுக்குக் கிடைத்தது. பன்னிரண்டு குடும்பங்களுக்கு வரிசையாகப் பன்னிரண்டு காணி, அதில் இவர்களுடையது கடைசி. குளம் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் காணி மேட்டில் இருந்தபடியால் வாய்க்கால் தண்ணீர் எட்டாது. மூன்று இடத்தில் கிணறு தோண்டி மூன்றிலும் புழுதிதான் வந்தது. குடிக்கத் தண்ணீர் கிழமைக்கு இரண்டு முறை பவுசர் வண்டியில் வந்தது. அனுமதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று வருடத்துக்குள் நிரந்தரப் பயிர் ஒன்றாவது உயிரோடு நிற்க வேண்டும், அதற்கு நிலையான நீர் மூலமும் இருக்க வேண்டும், இல்லையேல் காணி திரும்ப எடுக்கப்படும். கெடு 2024 செப்டெம்பர் முப்பது. றஞ்சிதம் மூன்று மாரியிலும் இருபது இருபதாகத் தென்னம்பிள்ளை நட்டாள். இந்த முறை வைத்த இருபதில் பெப்ரவரிக்குள்ளேயே பதினாறு போய்விட்டன. பிறந்ததிலிருந்து இன்னொருவர் மண்ணிலோ இன்னொருவர் வீட்டுக் கோடியிலோ இருந்தவளுக்கு, தன் பெயர் எழுதிய இந்த அரை ஏக்கர் புழுதியை விட்டுக்கொடுக்க மனமில்லை. டொமினிக்குக்கு வேறு மனம். கடற்காரனுக்கு மேட்டுக்காணி எப்படிப் பிடிக்கும்? கிறிஸ்ரியின் வள்ளத்தில் தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை வாரம் ஒரு முறையாவது, பேச்சோடு பேச்சாக, காற்றிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொள்வார்.

ஈரம் கடலுக்கு அடியில் பதினொரு வருடம் எடுத்திருக்கிறது என்று பிறகு கணக்குப் பார்த்தார்கள். றஞ்சிதம் முகாமை விட்டு வந்த கிழமையே அதுவும் புறப்பட்டிருக்க வேண்டும். எதை நம்பிப் புறப்பட்டது என்று தெரியாது, அப்போது அவளுக்குக் காணியும் இல்லை, விலாசமும் இல்லை. கடலுக்கு அடியில் எல்லாமே நனைந்து கிடப்பதால் அங்கே அதை இழுக்க ஆளில்லை, அதனால்தான் அவ்வளவு சுணக்கம். தீவில் ஏறிய பிறகு அது நாளுக்கு ஒரு கூப்பிடு தூரம் தவறாமல் வந்தது. மார்ச்சில் பேசாலையைக் கடந்தது. அங்கே தார் வீதிக்குப் பக்கத்தில் ரயில் தண்டவாளத்துக் கருங்கல் குவியலில் முட்டி இரண்டு நாள் நின்று, பிறகு கல் இல்லாத இடமாகப் பார்த்துச் சுற்றிப் போனது. மே மாதக் கடைசியில் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடிக்கு வந்து மூன்று நாள் தங்கியது. பல நூறு வருடத்து மரம், மரியாதைக்கு ஈரம் அதற்கு ஒரு வாய் குடிக்கக் கொடுத்திருக்கும். மரம் அந்தக் கிழமையே துளிர்த்தது. மன்னார்ப் பட்டினத்துக் கழுதைகளில் நாலு, வெயிலுக்கு இதமாக அதன் மேல் படுத்துப் பழகி, அது எழும்பிப் போனபோது தாங்களும் எழும்பிப் பின்னால் நடந்தன.

ஜூன் நடுப்பகுதியில் அது தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலத்துக்கு வந்தது. பாலத்து வீதியின் சல்லிக்கல் அதற்குச் சரிவரவில்லை, நாலு நாள் அசையாமல் கிடந்தது. களைத்துவிட்டது என்று பட்டினத்துச் சனம் பேசிக்கொண்டது. ஐந்தாம் நாள் வீதியை விட்டுப் பக்கத்துச் சேற்று அணைக்குள் இறங்கி, கழுதைகள் மேலே வர, அது கீழே வர, அக்கரை சேர்ந்தது. சோதனைச் சாவடியில் நின்ற படைவீரர் அவற்றை மறித்து, என்ன எழுதுவதென்று யோசித்து, பதிவேட்டில் சிங்களத்தில் 'கழுதை நாலு, ஈரம் ஒன்று' என்று எழுதிக்கொண்டு வழி விட்டார். ஜுனைதீன், ஜூலியட்டிடம் இலக்கம் வாங்கி, ஒவ்வொரு வெள்ளியும் தொழுகை முடிந்த கையோடு றஞ்சிதத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஈரம் எங்கே நிற்கிறது என்று விசாரிப்பார். தன் கருவாட்டைக் கெடுத்த ஈரம் வழியில் கெட்டுப்போகக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம்.

ஓகஸ்ட் முதலாம் திகதி ஈரம் பன்னிரண்டு காணி வரிசையின் தலைப்புக்கு வந்துவிட்டது. அங்கிருந்து றஞ்சிதத்தின் வேலி நூற்றுப் பத்து யார் தூரம்தான். ஆனால் மண் மாறிவிட்டது. அதுவரை மணலும் மணல் கலந்த மண்ணும், இனி இறுகிய களி. களியில் ஈரம் மெதுவாகத்தான் போகும். விவசாயப் போதனாசிரியை வேணுஜா மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் குத்திக் குத்தி, நாளுக்கு ஐந்து முழம் என்று அளந்து, செப்டெம்பர் பதினாலாம் திகதி வேலிக்கு வரும் என்று சொன்னாள். கெடுவுக்கு அப்போதும் பதினாறு நாள் இருக்கும்.

"ஈரம் தன்ர பாட்டுக்கு நடக்கிறேல்ல அன்ரி," என்றாள் வேணுஜா, கம்பியைத் துடைத்தபடி. "காய்ஞ்ச மண்தான் அதைப் பிடிச்சு இழுக்குது. காயக் காய இழுவை கூட."

"அப்ப என்ர காணியைப் போல இழுக்கிற காணி இலங்கையிலயே இராது," என்றாள் றஞ்சிதம். அப்படிப் பெருமையாகத் தன் காணியைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் முறை.

இனி டொமினிக் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அவர்மேல் யாரும் குற்றம் சொல்லக் கூடாது, எல்லாம் அன்பால் வந்த வினை. ஈரம் வேலியை நெருங்க நெருங்க அவருடைய மனமும் மெல்ல மெல்ல மாறியது. வள்ளத்தில் இடம் இருக்கிறது என்ற பேச்சு நின்றது. கடலைத் தாண்டி ஒரு வஸ்து தன் மனைவியைத் தேடி வருகிறது, அதைச் சும்மா வரவேற்பதா? பள்ளிமுனையில் மாதாவின் சுரூபம் வீடு வீடாக வரும்போது முற்றத்தில் வெள்ளை மணல் பரப்புவார்கள். மாதா மிதிக்கிற மண்ணில் ஒரு தூசி இருக்கக் கூடாது என்று அந்த மணலை அரித்தெடுத்துப் பரப்புவது வழக்கம். டொமினிக் தமையனுக்குச் சொல்லிவிட்டார், கிறிஸ்ரி லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி நிறையக் கரைமணலோடு வந்து இறங்கினார். உப்புப் போக ஒரு கிழமைப் பவுசர் தண்ணீர் முழுவதையும் செலவழித்து மணலைக் கழுவினார்கள். பிறகு வெயிலில் காயவைத்து, அரிதட்டில் இரண்டு முறை அரித்து, பொடிப்பொடியாய் விழுந்த தூளைச் சமைக்கிற குசினிக்குப் பின்னால் கொட்டி, பெரிய பெரிய வெள்ளை மணியை மட்டும் முற்றத்தில் பரப்பினார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டொமினிக் இடுப்பில் கை வைத்து நின்று யோசித்தார். மாதா மேலால் வருகிறா, ஈரம் கீழால் வருகிறது. ஆகவே வரவேற்பும் கீழே இருக்க வேண்டும். வேலி ஓரம் முழுக்க முழங்கால் ஆழத்துக்குக் கான் வெட்டி, அதையும் அரித்த வெள்ளை மணலால் நிரப்பிவிட்டார். மற்றப் பதினொரு வீட்டாரும் வந்து பார்த்து, இப்படி ஒரு வரவேற்பை ஆயருக்குக்கூடக் கொடுத்ததில்லை என்று மெச்சினார்கள்.

செப்டெம்பர் பதினாலாம் திகதி, திருச்சிலுவைத் திருநாளன்று, சொன்னபடியே ஈரம் வேலிக்கு வந்தது. கழுதைகளும் வந்தன. தோரணம் கட்டியிருந்தது. பூசை முடிந்து வந்தவர்கள் ஒரு பாட்டுப் பாடினார்கள். ஈரம் மணல் நிரப்பிய கானின் அந்தக் கரையில், கத்தியால் வெட்டியதுபோல ஒரு நேர்கோட்டில் நின்றது. வந்த களைப்பு என்றார்கள். மறுநாளும் நின்றது. ஒரு கிழமை நின்றது. கம்பி குத்திப் பார்க்க வேணுஜா இல்லை, இரண்டு கிழமைப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கதை இந்த இடத்திலேயே முடிந்து எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடப் போயிருப்பார்கள். டொமினிக் மணல் போதவில்லையோ என்று இன்னும் இரண்டு கூடை கொட்டினார். கழுதைகள் வேலிக்கு வெளியே ஈரத்தில் படுத்துக்கொண்டு உள்ளே பார்த்தன. உள்ளே பத்தொன்பதாவது தென்னம்பிள்ளையும் செத்தது. வேலியிலிருந்து இருபது முழத்தில் நின்ற கடைசிப் பிள்ளையின் குருத்து மடிந்து தொங்கியது. றஞ்சிதம் தன் குடிதண்ணீரில் பாதியைக் காலையில் அதற்கு ஊற்றுவாள், மத்தியானத்துக்குள் வெயில் அதைக் குடித்துவிடும்.

இருபத்தைந்தாம் திகதி மாலை டொமினிக் வேலியோரம் அவளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"இஞ்ச பாரும் றஞ்சிதம். அதுக்கு உள்ள வர விருப்பமில்லைப் போல. கடல் தாண்டி வந்ததே பெரிய காரியம். நாங்கள் பள்ளிமுனைக்கே போவம்."

"நீங்கள் போங்கோ. நான் வரேல்ல."

"தனிய இருந்து என்ன செய்வீர்?"

"இருபத்து மூண்டு வருசம் ஆற்றையோ மண்ணுக்குத் தண்ணி ஊத்தினனான். அது என்னைத் தேடி வேலி வரைக்கும் வந்திருக்குது. நான் எழும்பிப் போனால் அது ஆரிட்டப் போகும்?"

 டொமினிக்கின் கண் கலங்கியதைத் தான் பார்க்கவில்லை என்று றஞ்சிதம் பிறகு எல்லோரிடமும் சொன்னாள், ஆனால் பார்த்தாள்.

மறுநாள், வியாழக்கிழமை, மத்தியானச் சமையலுக்கு அரிசி கழுவி, கீரை கழுவி, மீன் கழுவி, மஞ்சள் கையையும் அலம்பி, சட்டியைத் தூக்கிக்கொண்டு றஞ்சிதம் பின்பக்கம் வந்தாள். அவளுக்குக் கோபம். ஈரத்தின் மேல், வெயிலின் மேல், தன் மேல். வழக்கமான இடத்துக்குப் போகாமல் முற்றத்து வெள்ளை மணலிலேயே பாதித் தண்ணீரை வீசி ஊற்றினாள். "குடி" என்று சொல்லவும் மறக்கவில்லை, கோபத்திலும் பழக்கம் பழக்கம்தான். தண்ணீர் விழுந்தது, விழுந்த இடத்தாலேயே நேரே கீழே இறங்கிப் போய்விட்டது. ஒரு விரல் அகலம்கூடப் பக்கத்துக்குப் பரவவில்லை. அதைவிட, சத்தம் வரவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மண் 'ச்ச்ச்' என்று சொல்லவில்லை. றஞ்சிதம் சட்டியோடு அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகக் குசினிக்குப் பின்னால் நடந்து, அரிதட்டில் விழுந்த தூளைக் குவித்திருந்த இடத்தில், மிச்சத் தண்ணீரைக் குவியலின் காலடியில் ஊற்றினாள். தூள் 'ச்ச்ச்' என்று குடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் குவியலின் அடியிலிருந்து, யாரும் தூக்கிவிடாமல், தானாக மேலே ஏறி ஏறி உச்சி வரைக்கும் கறுத்தது.

ரயில் தண்டவாளக் கல்லில் இரண்டு நாள். பாலத்துச் சல்லியில் நாலு நாள். இந்த வெள்ளை மணலில் பன்னிரண்டு நாள். றஞ்சிதம் வேலியைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள், கதிரையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ," என்றாள். "நீங்கள் அரிச்சு வைச்சது தாகமில்லாத மணல். எறிஞ்சது தாகமுள்ள மண். எழும்புங்கோ."

மற்றப் பதினொரு வீட்டாரும் வந்தார்கள். இரண்டு கிழமைக்கு முன் மெச்சிய வரவேற்பை அதே வாயால் சிரித்துக்கொண்டு பிரித்தார்கள். கானிலிருந்த மணல் முழுவதும் வெளியே வந்தது. கானை நிரப்பக் குசினிப் பின்பக்கத்துத் தூள் காணாது, ஆகவே வற்றிக்கிடந்த குளத்தின் அடியிலிருந்து வண்டல் வெட்டினார்கள். சும்மா கிடந்து தின்ற நாலு கழுதைகளுக்கும் அன்றைக்குத்தான் வேலை வந்தது, சாக்குச் சாக்காக வண்டலைச் சுமந்து வந்தன. பெண்கள் உலக்கை கொண்டுவந்து கட்டியை மாவாக இடித்தார்கள். அதே அரிதட்டில் அரித்து, இந்த முறை தட்டில் நின்றதை எறிந்துவிட்டு, விழுந்ததைக் கானில் கொட்டினார்கள். கானுக்கும் களிக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளியும் இருக்கக் கூடாது என்று றஞ்சிதம் இறங்கி நின்று வெறுங்காலால் மிதித்தாள். டொமினிக்கும் இறங்கினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டைப் பாடிக்கொண்டு மிதித்தார். பிற்பகல் நாலு மணிக்கு றஞ்சிதத்தின் இடது குதிகால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள், ஈரம் கானுக்குள் ஒரு சாண் வந்திருந்தது. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

நாளுக்கு ஐந்து முழம், தென்னம்பிள்ளைக்கு இருபது முழம், கையில் நாலு நாள். இதற்குக் கம்பியும் வேண்டாம், வேணுஜாவும் வேண்டாம். கணக்கு சரியாக வந்தது, ஆனால் கணக்கின்படி அது மரத்தடிக்கு வருவது திங்கட்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு. காணிக் கந்தோர் அலுவலர் சாந்தரூபன் காலை பத்து மணிக்கே வந்துவிட்டார்.

சாந்தரூபன் கெட்ட மனிதர் அல்ல. படிவத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பார்ப்பார், பார்த்ததை எழுதுவார், எழுதியதை மாற்ற மாட்டார், அவ்வளவுதான். மடிந்த குருத்தோடு நின்ற ஒற்றைத் தென்னம்பிள்ளையைப் பார்த்தார். அதற்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் கறுத்துக் கிடந்த ஈரத்தையும், ஈரத்தில் படுத்திருந்த கழுதைகளையும் பார்த்தார்.

"இதுதானோ அந்த ஈரம்? பட்டினத்திலயெல்லாம் கதைக்கிறாங்கள்."

"ஓம், இதுதான். இருங்கோ ஐயா, தேத்தண்ணி குடியுங்கோ," என்று றஞ்சிதம் கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். கெஞ்சவில்லை, விளக்கம் சொல்லவில்லை. சாந்தரூபன் தேநீரைக் கையில் வாங்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு ஈரத்தின் விளிம்பைப் பார்த்தார், பார்த்தவர் பிறகு கண்ணை எடுக்கவில்லை. சாகப்போகிற வேர் இழுத்த இழுப்பு எந்தக் கணக்கிலும் இருக்கவில்லை. நாலு மணிக்கு வரவேண்டிய ஈரம், மண்ணைத் துளித்துளியாய்க் கறுப்பாக்கிக்கொண்டு, பார்க்கிறவர் கண் முன்னாலேயே முன்னேறியது. பதினொன்றே முக்காலுக்குத் தென்னம்பிள்ளையின் அடியைத் தொட்டது.  மடிந்து கிடந்த குருத்து, படுத்திருந்தவர் முழங்கை ஊன்றி எழும்புவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி நேரே நின்றது. சாந்தரூபனின் கையில் தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது.

அவர் கடமை தவறாதவர். எழும்பிப் போய் ஒரு குச்சியை எடுத்து ஈரத்தின் விளிம்பில் குத்தினார். இந்த ஈரம் நாளுக்கு ஒரு கூப்பிடு தூரம் போகிறது என்று கேள்விப்பட்டிருந்தார். இன்றைக்கு இங்கே இருந்து நாளைக்கு வெள்ளாங்குளத்தில் இருந்தால் அதை நிலையான நீர் மூலம் என்று எப்படி எழுதுவது? றஞ்சிதம் சோறு போட்டாள், மறுக்காமல் சாப்பிட்டார். மூன்று மணிக்குப் போய்க் குச்சியைப் பார்த்தார். குச்சி விளிம்பிலேயே நின்றது. ஈரம் ஒரு நூலும் முன்னால் போயிருக்கவில்லை.

"இனி இது அங்கால போகாதோ?" என்று கேட்டார்.

"எங்க போறது?" என்றாள் றஞ்சிதம். "வீட்டுக்கு வந்திட்டுதே."

சாந்தரூபன் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். நிரந்தரப் பயிர் என்ற இடத்தில் 'தென்னை, ஒன்று, உயிருடன்' என்று எழுதினார். நீர் மூலம் என்ற இடத்தில் குளம், கிணறு, குழாய், மழை என்று நாலு சொல் அச்சடித்திருந்தது. பேனா நாலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனது. நாலையும் நேராகக் கோடிழுத்து வெட்டி, பக்கத்தில் தெளிவான எழுத்தில் 'மண்டபம்' என்று எழுதினார். நிலையானதா என்ற கேள்விக்கு 'ஓம்' என்று எழுதி, கையொப்பம் வைத்து, முத்திரை குத்தினார். கந்தோரில் அந்தப் படிவத்தை மூன்று பேர் பார்த்தார்கள், ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. நவம்பரில் நிரந்தரப் பத்திரம் வந்தது.

ஈரம் பிறகு அந்த அரை ஏக்கர் முழுவதும் ஆறுதலாகப் பரவிக்கொண்டது. அடுத்த வருடம் ஓகஸ்ட் வெயிலிலும் அங்கே வெறுங்காலோடு நிற்க முடிந்தது. புதிதாக நட்டவற்றோடு சேர்த்து இருபது தென்னம்பிள்ளையும் நிற்கின்றன. வரிசையில் மற்றப் பதினொரு வீட்டாரும் அரிசி கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடுவதை நிறுத்திவிட்டார்கள். ஜுனைதீன் ஒரு முறை சூடைக் கருவாட்டோடு வந்து, தன் பழைய ஆளைக் கையால் தொட்டுப் பார்த்துச் சுகம் விசாரித்துவிட்டுப் போனார். டொமினிக் வெள்ளை மணலை ஒரு மூலையில் குவித்து வைத்திருக்கிறார், மாதா வரும்போது தேவைப்படும். றஞ்சிதத்துக்கு இப்போது தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லை, ஆனாலும் அரிசி கழுவிய தண்ணீரில் கீரையையும், கீரை கழுவியதில் மீனையும், கடைசியில் மஞ்சள் கையையும் கழுவி, மத்தியானம் சட்டியோடு முதலில் பிழைத்த தென்னையின் அடிக்கு வருகிறாள். அங்கே படுத்திருக்கும் கழுதைகள் எழும்பி இடம் விடுகின்றன. அவள் ஊற்றி, "குடி" என்று சொல்லிவிட்டு, சோறு போட உள்ளே போகிறாள்.